ஓரடி இரண்டங்குலம்

மரத்தோடு பழகியவனின் கண்ணுக்கு அளவு பிசகாது என்பார்கள். நாற்பது ஆண்டுகளாக உளி பிடிப்பவன் நான். காரிமங்கலத்தில் என் பட்டறைக்கு வருகிறவர், தம் வீட்டு நிலையின் உயரத்தைக் கையால் காட்டினாலே போதும். நாடாவை எடுக்காமலேயே அடியும் அங்குலமும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் செருக்கும் உண்டு. அத்தகைய என் கண்ணுக்கு ஓரடி இரண்டங்குலம் ஒன்பது ஆண்டுகளாகத் தெரியாமற்போன கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

2024-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம், கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை லாரி ஓட்டுநர். சேலத்து ஜவ்வரிசியை நாக்பூருக்கும் இந்தூருக்கும் ஏற்றிச் செல்பவர்; திரும்பும்போது வெங்காயமோ ஆரஞ்சோ கிடைத்ததை ஏற்றி வருபவர். அன்று விருந்து முடிந்து கட்டிலில் படுத்தார். அந்தக் கட்டிலும் நான் திருமணச் சீராகச் செய்து கொடுத்ததுதான். ஆறரை அடி நீளம். அவரோ ஐந்தடி எட்டங்குலம். ஆனால் அவர் முழங்கால்களை மார்புவரை மடக்கி, ஒருக்களித்து, கட்டிலின் நடுவில் ஒரு மூட்டையைப் போலக் கிடந்தார். காலடியில் இரண்டடி இடம் காலியாகக் கிடந்தது.

"குளிர்கிறதா என்ன, ஒரு போர்வை எடுத்துப் போடம்மா" என்றேன்.

சித்திரை நெருங்கும் வெயிலில் இப்படிச் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. "அவர் இப்போதெல்லாம் வீட்டிலும் இப்படித்தான் படுக்கிறார் அண்ணா. காலை நீட்டினால் தூக்கம் வருவதில்லையாம். லாரியில் படுத்துப் படுத்துப் பழகிவிட்டது" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவள்போல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஏன் அப்படிப் போனாள் என்பது எனக்குப் பேருந்தில் திரும்பும்போது, காவேரிப்பட்டினம் தாண்டிய பிறகே விளங்கியது. அந்த லாரியில் படுக்கையைக் குட்டையாக்கியவன் நான்தான்.

வாசகருக்குச் சிறிது பின்கதை சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நெடுஞ்சாலையோரத்து ஊர். காசுமீரத்தில் தொடங்கிக் குமரிமுனையில் முடியும், ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை எங்களைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. முன்னர் அதற்கு ஏழாம் எண். 2010-இல் எண்களை மாற்றி நாற்பத்து நான்காக்கினார்கள். பெரியவர்கள் இன்றும் 'செவன்' என்றே சொல்கிறார்கள். ஓசூரில் 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை தொடங்கிய பின், அங்கிருந்து வெறும் அடிச்சட்டங்களாக வண்டிகள் எங்கள் சாலை வழியே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு நோக்கிப் போகும். கேபின் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. எஞ்சின், சக்கரங்கள், ஒரு பலகையின்மேல் உட்கார்ந்த மனிதர், அவ்வளவுதான். தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, புழுதியையும் மழையையும் முகத்திலேயே வாங்கிக்கொண்டு அவர்கள் போவதைச் சிறுவயதில் சாலையோரப் புளியமரத்தடியில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த எலும்புக்கூட்டுக்கு உடல் கொடுப்பவர்கள்தாம் நாமக்கல் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். என் தந்தையார் அத்தகைய பட்டறையொன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அக்காலத்தில் கேபினும் மரத்தாலானதுதான்; மரச்சட்டத்தின்மேல் தகடு அடிப்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறுக்குவாட்டில் ஒரு நீண்ட பலகை வரும். பகலில் அது கிளீனரும் ஏறிவரும் ஆட்களும் உட்காரும் இருக்கை. இரவில் மாற்று ஓட்டுநரின் படுக்கை. தந்தையார் அந்தப் பலகையை அடிக்குமுன் ஓட்டுநரை அழைத்துத் தரையில் படுக்கச் சொல்வாராம். நின்ற ஆளுக்கும் படுத்த ஆளுக்கும் நீளம் ஒன்றல்ல, படுத்தால் பாதம் முன்னே சாய்ந்து இரண்டு மூன்று அங்குலம் கூடும் என்பது அவர் கணக்கு. இதை அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

2015-இல் மாப்பிள்ளை கடன் வாங்கிப் பழைய லாரியொன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார். குடும்பத்தில் அது பெரிய நாள். பங்குத்தந்தை வந்து மந்திரித்தார். எலுமிச்சம்பழம் வைக்கலாமா கூடாதா என்று பெண்களுக்குள் ஒரு சிறு வாக்குவாதமும் நடந்தது. என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டுமென்று, கேபினுக்குள் ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தேன். படுக்கைப் பலகையின் இடது முனையில், அதன்மேலேயே நிற்கும்படி இரண்டரை அடி உயரம், ஓரடி இரண்டங்குல ஆழம். கீழ்த்தட்டில் துணிமணி, மேல்தட்டில் ஆர்.சி. புத்தகமும் பெர்மிட்டும். கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதன்மேல் வேளாங்கண்ணி அன்னையின் படத்துக்கென்று கடைந்த சட்டம். தேக்கு நிறச் சன்மைக்கா ஒட்டி, மூலைகளை உருட்டி, பித்தளைக் கைப்பிடி வைத்தேன். பார்த்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

கேபினின் உட்புற அகலம் ஆறடி இரண்டங்குலம். அதில் என் அலமாரி போக எஞ்சியது ஐந்தடி. ஐந்தடி எட்டங்குல மனிதர் அதில் படுக்க வேண்டும். இந்தக் கழித்தலை மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். நான் செய்யவில்லை. ஏனெனில் நான் அளந்தது அலமாரியை, படுக்கையை அல்ல.

அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மச்சான் அன்போடு செய்து கொடுத்ததைக் குறை சொல்வதெப்படி? எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டாரும் பெண் எடுத்த வீட்டாரும் ஒருவரையொருவர் நோகச் செய்யாதிருக்கப் படும் பாடு பெரிது. அந்த மரியாதை ஒன்பது ஆண்டுகள் அவர் முழங்காலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை வண்டி காரிமங்கலம் வழியே வந்தபோது, அன்றிரவு இங்கேயே நிறுத்தச் சொன்னேன். அவரை என் வீட்டில் படுக்க வைத்துவிட்டு நான் போய்க் கேபினில் படுத்தேன். வண்டியைக் காவல் காக்க ஆள் வேண்டுமென்பது நான் சொன்ன சாக்கு. ஓட்டுநர்கள் வண்டியை விட்டு அகலாததற்கு உண்மையான காரணமும் அதுதான்: டீசல் திருடு போகும், தார்பாயை அறுப்பார்கள், பாரம் குறையும். எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓட்டுநர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் கொண்ட ஓய்வில்லங்களை அமைத்து வருகின்றன; நல்ல காரியம்தான். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு தார்பாயை நினைத்துக் கொண்டிருப்பவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

அன்றிரவை நான் மறக்க முடியாது. நான் மாப்பிள்ளையைவிட இரண்டங்குலம் குட்டை. இருந்தும் தலையை ஒரு பக்கத் தகட்டில் முட்டுக்கொடுத்தால் பாதம் அலமாரியில் இடித்தது. ஒருக்களித்தேன், பலகையின் அகலம் இருபதே அங்குலம், முழங்கால் வெளியே தொங்கியது. மல்லாந்தேன், கால்களை நட்டுவைத்துக் கொள்ள வேண்டியிருந்தது, தூக்கம் வந்தவுடன் அவை சரிந்து விழுந்தன. மெத்தையென்று இருந்தது ரெக்சின் உறைக்குள் செத்துப்போன பஞ்சு. வியர்வை அதற்குள் இறங்கவும் வழியில்லை, உலரவும் வழியில்லை. பின்சுவரிலிருந்த சிறு சாளரம் துருவேறி இறுகிக் கிடந்தது. எஞ்சின் அணைந்து மூன்று மணி நேரமாகியும் அதன் மூடியிலிருந்து சூடு வந்துகொண்டேயிருந்தது. வெளியே ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கேபின் முழுவதும் ஒருமுறை மூச்சு வாங்குவதுபோல் அசைந்தது. கண்ணாடிக் கதவில் தெருவிளக்கின் ஒளி பட்டு என் முகத்திலேயே அடித்தது. எவ்வளவு அழகான கண்ணாடி!

ஒன்றரை மணிக்கு இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் படுக்கையிலிருந்து எழுந்து அவர் தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்கியிருக்கிறார். அந்த இறக்கத்தில் நேர்ந்த விபத்துகளைப் பற்றித் தருமபுரி மாவட்டத்தாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை முறை இறங்கியிருப்பார் என்று கணக்கிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று 2025 வரை அது வேலை நேரத்தை வரையறுத்தது. தேசிய பெர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டுமென்ற விதியும் இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். கிளீனர் என்னும் இனமே அருகிவிட்டது. மாப்பிள்ளையின் வண்டியில் இப்போது அவர் ஒருவர்தாம். ஆக, அந்தப் பலகை முன்போல் ஒருவர் ஓட்ட மற்றவர் படுக்கும் இடமன்று. ஒரே மனிதர் நிறுத்திப் படுத்து, எழுந்து, ஓட்டும் இடம். அது அவருக்கு வீடு. மாதத்தில் இருபது இரவுகளுக்குக் குறையாமல் அவர் அங்கேதான் தூங்குகிறார்.

வெளிநாடுகளில் இதற்கு என்ன அளவு வைத்திருக்கிறார்கள் என்று என் மகளைக் கணினியில் தேடச் சொன்னேன். அமெரிக்காவில் 1975 செப்டம்பருக்குப் பின் லாரிகளில் அமைக்கப்படும் படுக்கை குறைந்தது எழுபத்தைந்து அங்குல நீளமும் இருபத்து நான்கு அங்குல அகலமும் இருக்க வேண்டும். மெத்தைக்கு மேலே இருபத்து நான்கு அங்குலம் இடைவெளியும் வேண்டும். விதியாகவே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு படி மேலே போய், ஓட்டுநரின் நாற்பத்தைந்து மணி நேர வார ஓய்வை வண்டிக்குள்ளேயே கழிக்கச் செய்யக் கூடாதென்று 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படுக்கை எவ்வளவு வசதியாயிருந்தாலும் அது வீடாகாது என்கிறார்கள். நம் நாட்டிலும் 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் பழைய வண்டிக்கு அது பொருந்தாது.

இதே தேடலில் மகள் வேறொன்றையும் காட்டினாள். செருமனியில் 1951-லேயே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் வோக்ஸ்வாகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் வைத்து, உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கென்று விற்றதாம். மடித்தால் இருக்கை, விரித்தால் படுக்கை. நம் பக்கத்திலும் கேரள அரசு 2021-இல் இத்தகைய வண்டிகளில் சுற்றுலாவைத் தொடங்கியது. சினிமாக்காரர்களின் 'கேரவன்' எல்லாருக்கும் தெரிந்ததே. படங்களைப் பார்த்தபோது எனக்குத் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள்தாம் நினைவுக்கு வந்தன. துளையிடும் வண்டிக்குப் பின்னால் குழாய்களைச் சுமந்து இன்னொரு லாரி வரும். அதிலேயே சமைத்து, அதிலேயே குழாய்களுக்கிடையில் படுத்து, மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள் அந்தப் பிள்ளைகள். அவர்களை யாரும் உல்லாசப் பயணிகள் என்று சொல்வதில்லை.

மறுவாரம் வேலையைத் தொடங்கினேன். முதலில் மாப்பிள்ளை மறுத்தார். "விடுங்கள் மச்சான், பழகிவிட்டது. அலமாரி பார்க்க எவ்வளவு நன்றாயிருக்கிறது" என்றார். அலமாரியைக் கழற்றிவிடலாம் என்றதற்கு அவர் முகம் மாறிவிட்டது. அது தம் குற்றமாகிவிடும் என்று அஞ்சினார்போலும். கேபினின் பின்சுவரை வெட்டி நீட்டலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். அது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை அப்படி மாற்றத் தடை விதிக்கிறது. தகுதிச் சான்றுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வார்.

இரண்டு நாள் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடை மிக எளிது. படுத்திருப்பவனின் தலைக்குத்தான் உயரம் வேண்டும். பாதத்துக்கு ஓரடி உயரம் போதும். அலமாரியின் கீழ்த்தட்டை அதன் முகப்போடு சேர்த்து அறுத்து எடுத்துவிட்டால், கால் அதற்குள் நீண்டுகொள்ளும். மேல்தட்டும் கண்ணாடியும் அன்னையின் படமும் அப்படியே இருக்கும். பலகையிலிருந்து பதினாறங்குல உயரத்துக்கு ஒரு பொந்து. மூன்றங்குல மெத்தை போக மீதி தாராளம். நீளம் ஆறடி இரண்டங்குலம் முழுதாகத் திரும்பக் கிடைத்துவிட்டது. அமெரிக்க விதிக்கு ஓரங்குலம்தான் குறைவு. அறுத்து, விளிம்பை இழைத்து, உப்புத்தாள் போட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

அகலத்துக்கு ஆறங்குலப் பலகையொன்றைக் கீல் வைத்து முன்விளிம்பில் சேர்த்தேன். ஓடும்போது கீழே தொங்கும். நிறுத்திப் படுக்கும்போது தூக்கி, இரண்டு மடக்குக் கால்களால் தாங்கச் செய்யலாம். இந்த வேலையில் ஆணி உதவாது, திருகாணியும் நெடுநாள் நில்லாது. வீட்டு மரம் நிற்கும் மரம். லாரியின் மரம் இரவும் பகலும் நடுங்கும் மரம். நடுக்கம் ஆணியைத் தானே பிடுங்கிவிடும். ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, ஸ்பிரிங் வாஷர் வைத்து, பின்னால் நட்டை இறுக்க வேண்டும். இது தந்தையாரிடம் கற்றது. கீழே முழுப் பலகையை எடுத்துவிட்டு, விரற்கடை இடைவெளிவிட்டுச் சட்டங்களாக அடித்தேன். அதன்மேல் ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை, ரெக்சினுக்குப் பதில் பருத்தித் துணி உறை. வியர்வை கீழிறங்கி உலர அது வழி செய்யும். சாளரத்தின் துருவை மண்ணெண்ணெய் ஊற்றி இளக்க அரைநாள் பிடித்தது. அதற்குக் கொசுவலைச் சட்டம் ஒன்று. கண்ணாடிக்கு ஒரு சிறு திரை. அதைத் தங்கை தைத்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும், மாப்பிள்ளையைப் பட்டறைத் தரையில் படுக்கச் சொல்லி அளந்தேன். தலை உச்சியிலிருந்து கால்விரல் நுனிவரை ஐந்தடி பத்தரை அங்குலம். வேலைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது, முடித்த பின்னாவது செய்தேன். அவருக்குக் கூச்சமாயிருந்தது. "சவப்பெட்டிக்கு அளவெடுப்பதுபோல இருக்கிறது மச்சான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

2007-இல் திருப்பீடத்திலிருந்து சாலைப் பணிக்கான வழிகாட்டி ஏடொன்று வெளிவந்தது. அதிலுள்ள ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகளைச் செய்தித்தாள்கள் விரும்பி வெளியிட்டன. முதலாவது கொலை செய்யாமை பற்றியது. வாகனம் மந்திரிக்கும்போது எங்கள் பங்கிலும் அதைப் படிக்கக் கேட்டிருக்கிறேன். அதில் தச்சனுக்கென்று ஒரு கட்டளையும் இல்லை.

பலன் உடனே கிடைத்துவிட்டதென்று எழுதினால் பொய்யாகும். முதல் நடை போய்வந்தபோது அந்தப் பொந்துக்குள் ஒரு சிறு சாக்குப்பையும் செருப்பும் இருந்தன. கால் நீட்ட விட்ட இடத்தில் அவர் வெங்காயம் வைத்திருந்தார். "இடம் காலியாக இருந்தது, அதனால்தான்" என்றார். இரண்டாம் நடைக்குப் பின் தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். "வீட்டில் இன்னும் மடக்கித்தான் படுக்கிறார் அண்ணா" என்றாள். ஒன்பது ஆண்டுகள் மடங்கிய முழங்காலை ஒரு ரம்பத்தால் நிமிர்த்திவிட முடியாதென்பது எனக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்து குதிகால்வரை இழுக்கும் வலி என்று மருத்துவரிடமும் போய்வந்தார். அதன்பிறகு நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கேட்கக் கேட்க அவர் எனக்காக நன்றாயிருப்பதாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதுவும் ஒரு சுமையாகிவிடும்.

கார்த்திகையில் வண்டி மீண்டும் பட்டறைக்கு வந்தது. முன்விளிம்புப் பலகையின் கீலொன்று தளர்ந்துவிட்டதாம். மாப்பிள்ளை சாலைக்கு அப்பால் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நான் கேபினில் ஏறிக் கீலை இறுக்கிவிட்டு, பழக்கத்தால் பொந்துக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். வெங்காயம் இல்லை, செருப்பும் இல்லை. உள்ளே, கடைசித் தகட்டின் வெள்ளை வண்ணத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறைகள். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து படிந்த, நாள்பட்ட கறைகள். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் அகலம்; மேலே ஐந்து விரல்களின் தடம்.

துணியை எடுத்துத் துடைக்கப் போனவன், அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.